சாப்பாட்டு ஜெபம்

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

மகள் அறிவுச்செல்வி நேற்று மாலை ஓசூருக்குப் பஸ் ஏறினாள். மூன்று வாரம் விடுப்பு எடுத்தாயிற்று. அதற்கு மேல் அவளுடைய பள்ளிக்கூடத்தில் கேட்க முடியாது. இனி இந்த வீட்டில் நானும் ரூத்தும்தான். காலையிலும் மாலையிலும் வள்ளியாத்தாள் வந்து ரூத்துக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றிவிட்டுப் போவார்.

வேளாவேளைக்குச் செய்யவேண்டியதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். மாத்திரை, கஞ்சி, கை கால் பயிற்சி, முதுகைத் திருப்பிப் படுக்கவைப்பது. அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு எழுதியவன்; வரிசையாக எழுதி வைத்தால் பாதி பயம் குறைகிறது. மீதிப் பாதி குறைவதில்லை.

ஜூலை 29 காலை ரூத் அடுப்படியில் விழுந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியது. "சாமி." தண்ணீர் வேண்டுமென்றாலும் சாமி, வலித்தாலும் சாமி, என்னைக் கூப்பிடவும் சாமி. நாற்பத்தாறு வருடமாக என்னை அவள் கூப்பிட்ட வார்த்தை "ஏனுங்க". அது இப்போது இல்லை.

இது எனக்குப் புதிராக இருக்கிறது. நாங்கள் ஆண்டவர் என்போம், கர்த்தர் என்போம். சாமி என்று கடவுளை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல, குழந்தையைக் கொஞ்சும்போது சொல்வோம், அவ்வளவுதான். ரூத் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். ஒன்பது வயதில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெறும்வரை அவள் பெயர் மாரியாயி. அந்த ஒன்பது வயதுக்கு முந்திய சொல்லா இது?

காலை ஐந்து முதல் ஆறு வரை வேதவாசிப்பு. நாற்பத்தொன்றாவது நோட்டு நடக்கிறது. இடது பக்கம் வசனம், வலது பக்கம் ஒத்த வசனங்கள், அடியில் கேள்வி.

கஞ்சி: காலை இல்லை. மதியம் இல்லை. இரவு இல்லை. உதட்டருகே கரண்டி வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். மகள் போன ஏக்கமாக இருக்கலாம். இடது கை அடிக்கடி இடது தோளுக்குப் போகிறது. தோள்வலி? தைலம் தடவினேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

காலை இரண்டு கரண்டி தண்ணீர். கஞ்சி இல்லை. மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து எப்படியோ உள்ளே அனுப்பினேன். கரண்டியை நீட்டும்போதெல்லாம் கை தோளுக்குப் போகிறது. மறுபடி தைலம்.

20 ஆகஸ்ட், புதன்

டாக்டர் பூபதி வீட்டுக்கே வந்து பார்த்தார். நல்ல மனிதர். ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார்.

"விழுங்கறதுல ஒரு குறையும் இல்லைங்க ஐயா. முடியாம இல்லை, மாட்டேங்கறாங்க. ஏதாச்சும் மனசுல வெச்சிருக்காங்களா?"

என்ன மனசு? பேச முடியாதவள் மனசை நான் எங்கே போய்ப் படிப்பேன்?

எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. நாக்கு வறண்டிருக்கிறது. திங்கட்கிழமைவரை பார்க்கலாம், அதற்குள் வாயால் சாப்பிடவில்லையென்றால் சேலத்துக்குக் கூட்டிப்போய் மறுபடி மூக்குக் குழாய் போட்டுவிட வேண்டியதுதான் என்றார். அந்தக் குழாயோடு பதினான்கு நாள் அவள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். பிடுங்கிவிடுவாள் என்று இடது கையைக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். நல்லாயிருக்கும் ஒரே கை. கட்டப்பட்ட கையோடு என்னைப் பார்த்து "சாமி, சாமி" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வள்ளியாத்தாள் எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டிருக்கிறார். "ஏனுங்க சாரு, அந்தக் கொழாய் மறுக்கா வேண்டாமுங்க. கையக் கட்டுனா அக்கா உசுரை உட்டுரும்" என்றார்.

திங்கட்கிழமை. ஐந்து நாள்.

21 ஆகஸ்ட், வியாழன்

போதகர் அன்பழகன் மாலை ஐந்து மணிக்கு வந்தார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. "ஒரு சிறு ஜெபம் பண்ணிக்குவமுங்களா?" என்றார்.

ஜெபம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் ரூத்தின் இடது கை தோளுக்குப் போனது. தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தாள். பாதி இழுத்து, நழுவி, மறுபடி இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

முக்காடு.

நான்கு நாளாக அவள் முக்காடு போடத்தான் முயன்றிருக்கிறாள். நான் தைலம் தடவியிருக்கிறேன்.

போதகர் ஜெபித்து முடித்ததும் வாயைத் திறந்தாள். பதினொரு கரண்டி. போதகர் மகிழ்ந்து, "பாத்தீங்களா, ஆண்டவர் நல்லவருங்க" என்றார். நான் தைலப் புட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

இந்த வீட்டில் ஜெபம் செய்யாமல் யாரும் சாப்பிட்டதில்லை. செய்தது எப்போதும் ரூத். அவள் சொல்வாள், நான் ஆமென் என்பேன். மருத்துவமனையில் குழாய் இருந்தது, ஜெபத்துக்கு இடமில்லை. குழாயை எடுத்து வீட்டுக்கு வந்தபின் மகள் அறிவு இருந்தாள். அம்மாவைப்போலவே இரண்டு வரி ஜெபித்துவிட்டு ஊட்டினாள். அதை நான் கவனிக்கவே இல்லை, காற்றைக் கவனிக்காததுபோல. அவள் போன மறுநாளிலிருந்து நான் ஜெபம் இல்லாமல் கரண்டியை நீட்டியிருக்கிறேன்.

எளிய தீர்வு. நான் ஜெபிக்க வேண்டும்.

என்னால் முடியாது.

22 ஆகஸ்ட், வெள்ளி

இன்று செய்தவை, செய்த வரிசையில்.

காலை: அச்சிட்ட ஜெபப் புத்தகத்திலிருந்து போஜன ஜெபத்தை வாசித்தேன். ரூத் துண்டைத் தொடக்கூட இல்லை. புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

அரை மணி நேரம் கழித்துப் போதகருக்கு ஃபோன் செய்தேன். பஸ்ஸில் இருந்தாராம்; நாமக்கல்லில் ஒரு துக்க வீடு. ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஜெபித்தார். ரூத் ஆறு கரண்டி குடித்தாள். அவருக்குத் தெரியாமல் அதை ஃபோனிலேயே பதிவு செய்துகொண்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மதியம்: அந்தப் பதிவைப் போட்டேன். முதல் ஹாரன் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். இடது கையால் தட்டிவிட்டாள். ஃபோன் கஞ்சிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. ஆண்டவரை ஆராதிக்கிறோம் என்று கஞ்சிக்குள்ளிருந்து கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

மாலை: ஃபோனைத் துடைத்து அறிவைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னேன். ஃபோனிலேயே ஜெபித்தாள். மகள் குரல் கேட்டதும் ரூத் "சாமி, சாமி" என்று அழத் தொடங்கி, கடைசிவரை நிற்கவில்லை. அழுகிற வாயில் எப்படி ஊட்டுவது?

"அப்பா, அம்மா உங்களைத்தான் பாக்கறாங்க. நீங்க பண்ணுங்களேன்."

"எனக்கு வராது அறிவு."

"அம்பது வருஷமா வேதம் படிக்கறீங்க. நாப்பது நோட்டு எழுதியிருக்கீங்க. சாப்பாட்டுக்கு ரெண்டு வரி வராதுங்களாப்பா?"

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன். பிறகு, "திங்கட்கிழமை காலையில காரோட வாரேன். ஒம்பது மணிக்கு ரெடியா இருங்க" என்று வைத்துவிட்டாள்.

கல்யாணமான முதல் வாரம் ரூத் கேட்டாள். "ஏனுங்க, இன்னைக்கு நீங்க பண்ணுங்களேன்." நாளைக்கு என்றேன். பிறகும் கேட்டாள். வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் அன்று, கேலியாகக் கேட்பாள்: "நாளைக்கு வந்துருச்சுங்களா?"

23 ஆகஸ்ட், சனி

காலை மணி ஐந்து. வழக்கமான பகுதியை விட்டுவிட்டேன். நாற்பத்தொன்றாவது நோட்டில் புதிய பட்டியல் ஒன்று தொடங்கினேன். நெடுக்குக் கோடு மூன்று. பெயர். சூழல். தேவனிடம் மனம்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை.

எப்படிப் பேசத் தொடங்கினார்கள் என்று தெரிந்தால் நானும் தொடங்கிவிடலாம் என்ற எண்ணம். புகழ்ச்சியில் தொடங்கியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சபையில் அப்படித்தானே தொடங்குகிறோம்.

மோசே: தனக்கு நாக்கு மந்தம் என்றார். வேறு யாரையாவது அனுப்பச் சொன்னார்.
கிதியோன்: எங்களோடு இருக்கிறீர் என்றால் எங்களுக்கு ஏன் இந்தக் கதி என்று கேட்டார்.
அன்னாள்: சத்தமே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியரே நினைத்தார்.
மார்த்தாள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்கமாட்டான் என்றாள். வரவேற்பே அதுதான்.
யோனா: கோபம். சாவதே மேல் என்கிற அளவுக்குக் கோபம். தேவன் தண்டிக்கவில்லை. நீ கோபப்படுவது நல்லதா என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு பேர் எழுதினேன். புகழ்ச்சியில் தொடங்கியவர்கள் இரண்டே பேர். ஐம்பது வருடமாக இந்தப் பக்கங்களைப் படிக்கிறேன். வசனத்துக்கு வசனம் ஒத்துப் பார்த்திருக்கிறேன். இவர்கள் எவ்வளவு மரியாதையில்லாமல் பேசியிருக்கிறார்கள் என்பது ஏன் கண்ணில் படவில்லை?

பிறகு ஒரு ஜெபத்தை வரைவாக எழுதினேன். நான்கு முறை திருத்தினேன். "சர்வவல்லமையுள்ள தேவரீர், தேவரீருடைய சமுகத்தில் அடியேன்..." கூடத்தில் நடந்தபடி மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தேன். பெருக்கிக்கொண்டிருந்த வள்ளியாத்தாள் விளக்குமாற்றோடு நிமிர்ந்தார்.

"ஏனுங்க சாரு, ஆருக்கு மனு எழுதறீங்க?"

"மனு இல்லைங்க. ஜெபம்."

"இதா? தாலூக்காபீசுல பட்டா கேக்கறாப்புலயல்ல இருக்குது!" என்று சிரித்தார். "நானெல்லாம் எங்க காளியாத்தாகிட்ட, அடியே, கண்ணு தெரியலையாடி உனக்குன்னு கேப்பனுங்க."

"பயமாயில்லைங்களா?"

"பயமென்னத்துக்குங்க? அவ என்ன ஆர்.ஐ.யா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எங்கள் வேதத்தின் தமிழில் தேவனை எல்லோரும் "நீர்" என்கிறார்கள். நான் என் வாழ்நாளில் ஒரு மனிதரையும் நீர் என்று சொன்னதில்லை. அப்பாவை நீங்க என்றேன். பஸ் கண்டக்டரை நீங்க என்றேன். ரூத்தைச் சில நாள் நீ, சில நாள் நீங்க. நீர் என்று தொடங்கினாலே நாக்கு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்கிறது.

மதியம் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு ரூத் முன் உட்கார்ந்தேன். தேவரீர் வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அவள் காத்திருந்தாள். துண்டின் நுனியைப் பிடித்தபடி, நிஜமாகவே காத்திருந்தாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தண்ணீர் மூன்று கரண்டி. கஞ்சி இல்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. காய்ச்சலைத் தவிர வேறு காரணத்தால் போகாதது இதுவே முதல் தடவை.

ரூத் பெரும்பாலும் தூங்குகிறாள். எழுப்பினால் கண் திறக்கிறாள். தோலைக் கிள்ளினால் மெதுவாகத்தான் பழையபடி படிகிறது. அதைப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். போதகர் ஆராதனை முடிந்து வருவதாகச் சொன்னார். வந்தார். ஜெபித்தார். துண்டு பாதி ஏறியது. இரண்டு கரண்டி, அதோடு வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். போதகரும் என்னைப் பார்த்தார். புரிந்திருக்கும். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

எழுதியே ஆகவேண்டிய ஒன்றை அறுபத்திரண்டு வருடமாக எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்குக் காய்ச்சல். ஞாயிறு பள்ளியில் வாத்தியார் ஒவ்வொருவராக எழுந்து ஜெபிக்கச் சொன்னார். நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த விதமாகச் சொன்னேன். "ஏனுங்க சாமி, எங்கம்மாளுக்குக் காய்ச்ச உட்டுப்போகோணுமுங்க." வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். "ஆண்டவரென்ன உங்க ஊட்டு மாமனாடா? தேவரீர்னு சொல்லு. சாமின்னு சொல்லாதே. உக்காரு, நாளைக்கு எங்க ஊட்டுக்கு வந்து கத்துக்கோ." கெட்டவர் அல்ல அவர். முறையாகச் சொல்லிக்கொடுக்க நினைத்தார்.

அம்மா அந்த வெள்ளிக்கிழமை இறந்துபோனாள்.

மனு தவறான படிவத்தில் கொடுக்கப்பட்டது, ஆகவே நிராகரிக்கப்பட்டது. பதினொரு வயதில் நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அதன்பின் வளர்ந்தேன், படித்தேன், அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தேன், வேதத்தை முன்னும் பின்னுமாக அலசினேன். சரியான படிவத்தைத் தேடிக்கொண்டே இருந்தேனா? நாற்பத்தொரு நோட்டும் அதற்குத்தானா? அவரைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அறிவு ஃபோன் செய்தாள். கார் சொல்லியாயிற்றாம்.

25 ஆகஸ்ட், திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அலங்காரம் செய்யக்கூடாது.

மணி ஏழேகால். மருத்துவமனைப் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். வள்ளியாத்தாள் துணி மாற்றிவிட்டுத் தலை வாரிவிட்டார். ரூத்தைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தோம். உதடு வெடித்திருந்தது. கடைசியாக ஒருமுறை என்று கஞ்சியை எடுத்து வந்தேன். வரைவு சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கத்தான் கையை விட்டேன்.

அப்போது ரூத் "சாமி" என்றாள்.

என்னையா, கடவுளையா, தண்ணீரையா? தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல் கேட்டதும் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஏனுங்க."

அதோடு நின்றிருக்கலாம். அடுத்ததும் வந்தது.

"ஏனுங்க சாமி — நாந்தானுங்க, மாசிலாமணி. ராசிபுரத்துல இருக்கறனுங்க."

முகவரியோடு தொடங்கியிருக்கிறேன், பார். வள்ளியாத்தாள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இவ கஞ்சி குடிக்க மாட்டேங்கறாளுங்க. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமுங்க. எனக்குப் பேச வராதுங்க. அதுவும் உங்களுக்குத் தெரியுமுங்க. அன்னைக்கு அம்மாளுக்குக் கேட்டனுங்க — நீங்க குடுக்கலைங்க. குடுக்கவேயில்லைங்க. அதுலிருந்து உங்ககிட்ட நான் பேசலைங்க. பயமுன்னு சொல்லிக்கிட்டேன். பயமில்லைங்க. கோவமுங்க. இத்தன வருசமும் கோவமுங்க."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்னபிறகுதான் எனக்கே தெரிந்தது. பயம் என்று தலைப்பிட்டு இத்தனை காலம் நான் வைத்திருந்த கோப்புக்குள் இருந்தது வேறு காகிதம்.

"இப்பவும் கோவமாத்தானுங்க இருக்குது. இருந்தாலும் கேக்கறனுங்க. இவ கைய மறுக்காக் கட்ட உடாதீங்க. இந்தக் கஞ்சி உள்ள போகோணுமுங்க. அவ்வளவுதானுங்க. நான் — வேற ஒண்ணும் தெரியலைங்க."

ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். இயேசுவின் நாமத்தில் என்று சொல்லவில்லை. நன்றி சொல்லவில்லை. முறைப்படி பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கண்ணைத் திறந்தேன். துண்டு ரூத்தின் தலைமேல் இருந்தது. எப்போது போட்டாள் என்று பார்க்கவில்லை. அவள் கண் திறந்தேதான் இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் தடவை பார்ப்பதுபோல. அவள் இடது கை என் கன்னத்துக்கு வந்தது. நனைந்திருந்தது என் கன்னம். பிறகு வாயைத் திறந்தாள்.

எத்தனை கரண்டி என்று எண்ணவில்லை. கிண்ணம் காலியானது.

"அக்காளுக்குத் தெரிஞ்சிருக்குது, இந்த மனுசனுக்குள்ள என்னமோ கெடக்குதுன்னு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வள்ளியாத்தாள் அடுப்படிக்குப் போனார்.

ஒன்பது மணிக்கு அறிவு உள்ளே வந்தாள். காரில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணத்தைப் பார்த்தாள். அம்மா தலையில் துண்டைப் பார்த்தாள்.

"யாருப்பா வந்தாங்க? போதகருங்களா?"

"யாரும் வரலை."

வெளியே போய் டிரைவரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னாள்.

டாக்டர் பூபதியிடம் பேசினோம். இரண்டு நாள் பார்ப்போம் என்றார். பை இன்னும் வாசலிலேயே இருக்கிறது.

26 ஆகஸ்ட், செவ்வாய்

ஒரே நாளில் புத்தி பழைய வழிக்குப் போய்விட்டது. நேற்றுச் சொன்னது முறையில்லை என்று நினைத்து, ஒழுங்காக எழுதிவைத்து மதியம் வாசித்தேன். வாய் திறக்கவில்லை. காகிதத்தைக் கிழித்தேன். "சரிங்க, தெரியாம எழுதிட்டனுங்க" என்று தொடங்கினேன். திறந்தாள்.

யாரிடம் சொன்னேன் அதை? இருவரிடமும்தான்.

29 ஆகஸ்ட், வெள்ளி

எடை அரை கிலோ கூடியிருக்கிறது. குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். பையைப் பிரித்து உள்ளே வைத்தேன். அறிவு நாளை ஊருக்குக் கிளம்புகிறாள்.

புறப்படுவதைப் பற்றிப் பேசும்போது கேட்டாள். "கோவமுன்னு சொன்னீங்களாமே, வள்ளியாத்தாக்கா சொன்னாங்க. ஆண்டவர்கிட்ட அப்படிச் சொல்லலாங்களாப்பா?"

"தெரியலை. சொல்லியாச்சு."

யோனாவிடம் கேட்ட அதே கேள்வி எனக்கும் இருக்கும். யோனாவின் புத்தகம் தேவனின் இன்னொரு கேள்வியோடு முடிகிறது; அதற்கு யோனா என்ன பதில் சொன்னார் என்று வேதத்தில் இல்லை. இத்தனை நாள் அது ஒரு குறை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பதிலுக்கு இடம் விட்டிருக்கிறது என்று இப்போது படுகிறது.

7 செப்டம்பர், ஞாயிறு

காலை வாசிப்பை ரூத்தின் கட்டில் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். சத்தமாகப் படிக்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்தி, "இது எனக்குப் புரியலைங்க" என்கிறேன். பதில் வருவதில்லை. ஆனால் நான் கேட்டது காதில் விழுந்த மாதிரி ஓர் அமைதி இருக்கிறது. அது பிரமையா என்று நோட்டில் கேள்வி எழுதினேன். பிறகு அந்தக் கேள்வியையும் அவரிடமே கேட்டேன்.

வலது பக்கத்தில் ஒத்த வசனம் எழுதவில்லை. காலியாகவே இருக்கிறது.

அம்மா விஷயத்துக்குச் சமாதானம் இன்னும் வரவில்லை. இன்று காலை அதையும் சொன்னேன். மறைக்கவில்லை.

10 செப்டம்பர், புதன்

பட்டியலில் பதின்மூன்றாவது வரி சேர்த்தேன்.

மாசிலாமணி. கஞ்சி. ஏனுங்க.

பென்சிலால்தான் எழுதினேன். பிறகு அதன்மேலேயே பேனாவால் எழுதினேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

சபையில் போதகர் திடீரென்று என்னை ஜெபிக்கச் சொன்னார். எழுந்தேன். இருநூறு பேர். நாக்கு பழையபடி ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். சிரிப்புச் சத்தம் எதுவும் வரவில்லை. அறுபத்திரண்டு வருடமாகக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது, இன்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் சொன்னேன். "அங்க முடியலைங்க. இங்கதான் முடியுதுங்க." ரூத் துண்டுக்குள் சிரித்தாள்.

12 அக்டோபர், ஞாயிறு

ரூத் இன்று நாற்காலியில் உட்கார்ந்து மேசையிலேயே சாப்பிட்டாள். குழைத்த சோறு, ரசம். முக்காட்டை அவளே போட்டுக்கொண்டாள். நழுவவில்லை.

நான் சொன்னேன். சின்ன ஜெபம்தான்: சோத்துக்கு நன்றிங்க, இவ உக்காந்துட்டாளுங்க, மத்ததெல்லாம் உங்களுக்குத் தெரியுமுங்க. முடித்துவிட்டு ஆமென் சொல்ல வாயெடுத்தேன்.

எனக்கு முந்தி அவள் சொன்னாள். இழுத்து, திக்கி, உதட்டோரம் கோணிக்கொண்டு.

"ஆ — மா — ங்க."

சாமிக்குப் பிறகு இது இரண்டாவது சொல்.

ஆமென் என்றுதான் சொல்ல வந்தாளா, ஆமாங்க என்றே சொன்னாளா? அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஆமென் என்றால் மெய்தான், அப்படியே ஆகட்டும் என்று போட்டிருக்கிறது.

திருத்தம் எதுவும் செய்யவில்லை. நானும் ஆமாங்க என்றேன். சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டோம்.